சேதுச் சீமையின் குலுக்கைகள்

சேதுச் சீமையான ராமநாதபுரத்து வெள்ளாமை ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியது. கண்மாய் பெருகினால் ஒரு போகம் நெல். புஞ்சையில் வரகு, குதிரைவாலி, கேப்பை. ஒருமுறை வீடு வந்ததை அடுத்த தை வரை, மழை பொய்த்தால் அதற்கடுத்த தை வரைகூட வைத்துச் சாப்பிட்டாக வேண்டும். அதற்காக வந்ததுதான் குலுக்கை. களிமண்ணோடு வைக்கோலைச் சேர்த்து மிதித்து, உறை உறையாகச் செய்து காயவைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூட்டுகளைப் பூசுவார்கள். மேல்வாயில் தானியத்தைக் கொட்டி மூடி மெழுகிவிட்டால், அடியில் துணியால் அடைத்த துளை வழியாக வேண்டிய அளவு மட்டும் இறக்கலாம். நொச்சி இலையும் வேப்பிலையும் வண்டைத் தடுத்தன.

ஆனால் வறட்சியைத் தாங்க உதவியதில் குலுக்கையைவிடப் பெரிய பங்கு, தானியத்தை உமியோடு வைத்த வழக்கத்துக்கு உண்டு. உமி போனால் பூச்சி எளிதில் விழும். தவிட்டு எண்ணெய் சிக்கடிக்கும். உமியோடு நன்றாகக் காய்ந்த வரகு ஆண்டுக்கணக்கில் கெடாது. அதனால்தான் அன்றாடத் தேவைக்கு மட்டும் குத்தினார்கள். வரகின் உமியோ பல அடுக்கு கொண்டது. கல் திருகையில் அரிசி நொறுங்கும் என்று, அதற்கென மண்ணால் திருகை செய்துகொண்டார்கள்.

அப்படியானால் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் குலுக்கை ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாரமும் கடனும் களத்திலேயே அளந்து போனபின், கூலிக்காரர் வீட்டில் நிரப்ப என்ன மிஞ்சியிருக்கும்? பாக் நீரிணையைக் கடந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் பலரும் அப்படிப்பட்டவர்களே. கடற்கரைக்காரர்களுக்கோ வயலே இல்லை; கருவாட்டை விற்றுத்தான் தானியம் வாங்கினார்கள். சேமிக்கும் அறிவு எல்லோரிடமும் இருந்தது, சேமிக்கத் தானியம் சிலரிடமே இருந்தது.

உலக்கை பெண்களின் தோளை முறித்தது என்பதும் உண்மை. அரவை ஆலை வந்ததை அவர்கள் வரவேற்றதில் தவறே இல்லை. ஆனால் ஆலை அரிசியோடு தானிய இருப்பு வீட்டைவிட்டுக் கடைக்குப் போனது. 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, வாங்கிச் சாப்பிடும் பழக்கத்தின் ஆபத்து சென்னை மாகாணம் முழுக்கத் தெரிந்தது. ரேஷன் அரிசி, 2011 முதல் விலையில்லாமலே, குலுக்கை நிரம்பாத வீடுகளுக்கும் சோறு போடுகிறது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் வரகு விதைக்கத் தயாரானவர் உமி நீக்க வழியில்லாமல் கைவிடக் கூடாது. மழை பொய்த்துப் பழகிய இந்த மாவட்டத்தில், ஊராட்சிதோறும் சிறுதானியத்துக்கு ஓர் உமி நீக்கும் இயந்திரத்தையாவது அரசு வைத்துத் தர வேண்டும்.