நிலக்கரியும் சமாதானமும்

ஐரோப்பாவில் லொரேன் பகுதியின் இரும்புத்தாதை உருக்குவதற்கு றூர்ப் பள்ளத்தாக்கின் கரி வேண்டும். இரண்டிற்கும் இடையே எல்லைக்கோடு இட்டவர் மனிதர். 1870 முதல் 1945 வரை பிரான்சும் ஜேர்மனியும் மும்முறை பொருதமைக்கு இதுவே முழுக் காரணம் என்றல் மிகையாகும். ஆயினும், 1923இல் பிரெஞ்சுப் படை றூரினுட் புகுந்தது, இழப்பீடாக வரவேண்டிய கரியும் மரமும் தவறியமையை முன்னிட்டேயாம்.

1950 மே 9ஆந் தேதி பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் றொபேட் ஷூமன் ஒரு திட்டத்தை வெளியிட்டார். அதனை வகுத்தவர் ஜீன் மொனே. இருநாட்டுக் கரி, உருக்கு உற்பத்தியைப் பொது அதிகாரசபை ஒன்றின்கீழ் வைத்தலே அத்திட்டம். இத்தாலி, பெல்ஜியம், ஒல்லாந்து, லக்செம்பேர்க் ஆகியனவும் உடன்சேர, 1951இல் பாரிசில் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கூடவே ஒரு நீதிமன்றமும் ஒரு பேரவையும் தோன்றின. கரிக் கணக்கை ஆராயக் கூடிய அப்பேரவையே பின்னர் ஐரோப்பியப் பாராளுமன்றமாக வளர்ந்தது; 1979இல் அதன் உறுப்பினரை மக்களே நேராகத் தெரிவுசெய்தனர்.

இப்புதுமையின் வலிமையைச் சார் நாட்டிற் காணலாம். போரின்பின் பிரான்சு தன் பொருளாதாரத்தோடு பிணைத்துவைத்த சுரங்கப் பகுதி அது. பிரான்சு உடன்பட்டிருந்த ஏற்பாட்டை 1955இல் அந்நாட்டு மக்கள் வாக்களித்து மறுத்தனர். முன்னைய காலமாயின் படை நகர்ந்திருக்கும். கரி பொதுச்சந்தைக்கு உரியதாகிவிட்டமையால், பிரான்சு இழந்தது சிறிதே. சோவியத்து அச்சமும் அமெரிக்க உதவியும் துணைநின்றன என்பதை மறத்தலாகாது. 1957இல் சார் மேற்கு ஜேர்மனியோடு சேர்ந்தது. கைம்மாறாகப் பிரான்சு கேட்டவற்றுள் ஒன்று, மோசெல் ஆற்றைப் பெருங்கலங்கள் செல்லுமாறு திருத்துதல். லொரேன் ஆலைகளை றைன் நதியோடு இணைத்த அந்நீர்வழி 1964இல் திறக்கப்பட்டது.