முடிவை எழுதியது யார்?

பொறியியல் படிக்கும்போது ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பாகம் உடைந்துவிட்டால் உடனே அதைக் குறை சொல்லாதே. அதன்மேல் எவ்வளவு பளு இருந்தது என்று முதலில் பார். மரிஜேன் மீக்கரின் முதல் நாவலைப் படித்து முடித்தபோது எனக்கு அதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

மீக்கர் 1927-இல் நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரில் பிறந்தவர். 1952-இல் வின் பேக்கர் என்ற புனைபெயரில் ‘ஸ்பிரிங் ஃபயர்’ நாவலை வெளியிட்டார். கல்லூரி விடுதியில் மிட்ச், லீடா என்ற இரண்டு மாணவிகளுக்கு இடையே மலரும் காதல்தான் கதை. கோல்ட் மெடல் பதிப்பகம் அதை நேரடியாக மலிவு விலைப் பதிப்பாகவே போட்டது. சுமார் 15 லட்சம் பிரதிகள் விற்றன. ஆனால் கடைசிப் பக்கங்கள் நம்மை உதைத்துத் தள்ளிவிடும். லீடா மனம் பிறழ்ந்து மருத்துவமனைக்குப் போகிறாள். மிட்ச், தான் அவளைக் காதலிக்கவே இல்லை என்று முடிவு செய்துகொள்கிறாள்.

இப்படி ஒரு முடிவு எங்கிருந்து வந்தது? தபால் நிலையத்திலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைய அமெரிக்காவில் ‘ஆபாசம்’ என்று கருதப்பட்ட எதையும் அஞ்சலில் அனுப்ப முடியாது. அதிகாரிகள் பறிமுதல் செய்துவிடுவார்கள். அதே 1952-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று மலிவுப் பதிப்பு நாவல்களை விசாரிக்கவும் தொடங்கியிருந்தது. அதனால் பதிப்பாசிரியர் டிக் கரோல் முன்பே நிபந்தனை போட்டுவிட்டார்: இந்தக் காதல் நல்லபடியாக முடியக்கூடாது. மீக்கர் அப்போது இருபதுகளில்தான் இருந்தார். ஒத்துக்கொண்டார்.

அதே ஆண்டு பட்ரீசியா ஹைஸ்மித், கிளேர் மோர்கன் என்ற பெயரில், இரு பெண்களின் காதலை நம்பிக்கையோடு முடித்து ஒரு நாவல் வெளியிட்டார். அது முதலில் கெட்டி அட்டைப் பதிப்பாக வந்தது. பின்னாளில் இந்த இருவருமே காதலர்களாகச் சேர்ந்து வாழ்ந்தார்கள். அந்த நாட்களைப் பற்றி மீக்கர் 2003-இல் ஒரு நினைவுநூலும் எழுதினார்.

1955 முதல் ஆன் ஆல்ட்ரிச் என்ற பெயரில் தன்பால் ஈர்ப்புள்ள பெண்களின் வாழ்க்கையைப் பற்றிப் புனைவல்லாத நூல்களை எழுதினார். வாசகிகளிடமிருந்து கடிதங்கள் குவிந்தன. எந்தத் தபாலைப் பார்த்து கரோல் பயந்தாரோ, அதே தபால்தான் அவற்றையும் கொண்டுவந்து சேர்த்தது.

அடுத்து, ‘ஹேரியட் த ஸ்பை’ எழுதிய தோழி லூயிஸ் ஃபிட்ஸ்ஹியூ தூண்ட, இளையோருக்காக எழுத வந்தார். இந்த முறை பெயர் எம். ஈ. கெர். வேகமாகச் சொல்லிப் பாருங்கள், ‘மீக்கர்’ என்றே கேட்கும். 1972-இல் தொடங்கிய இந்தப் பயணத்துக்கு 1993-இல் மார்கரெட் எட்வர்ட்ஸ் விருது கிடைத்தது.

மறு ஆண்டே ‘டெலிவர் அஸ் ஃப்ரம் ஈவி’ வந்தது. மிசூரி மாநிலத்தில் ஒரு விவசாயக் குடும்பம். மகள் ஈவி வங்கிக்காரரின் மகளான பேட்சியைக் காதலிக்கிறாள். கதையைச் சொல்வது ஈவியின் தம்பி. ஊர் பேசுகிறது, வீடு உடைகிறது, வெள்ளமும் வருகிறது. ஆனால் யாருக்கும் பைத்தியம் பிடிக்கவில்லை. இரண்டு பேரும் ஊரைவிட்டுப் போய்ச் சேர்ந்து வாழ்கிறார்கள், அவ்வளவுதான். இந்தச் சாதாரண முடிவுக்கு 42 வருடங்கள் ஆகியிருக்கின்றன.

‘ஸ்பிரிங் ஃபயர்’ மறுபதிப்புக்கு மீக்கர் ரொம்பவே தயங்கினார். 2004-இல் அது வந்தபோது முடிவு மாற்றப்படவில்லை. நடந்ததை விளக்கி ஒரு முன்னுரை மட்டும் சேர்ந்தது. 2022-இல் 95 வயதில் அவர் காலமானார்.

பழைய கதையொன்றில் காதலர்கள் தண்டிக்கப்படும்போது, ‘எழுத்தாளருக்குத் துணிச்சல் இல்லை’ என்று நான் சட்டென்று சொல்லிவிடுவதுண்டு. இப்போது அப்படிச் சொல்வதற்கு முன்னால், அந்தப் புத்தகம் யார் யார் கையைத் தாண்டி வாசகரிடம் வரவேண்டியிருந்தது என்று கொஞ்சம் தேடிப் பார்க்கிறேன்.