நரசிங்கம்பேட்டை ஆசாரியும் ஒரு மத்திமமும்

திருவண்ணாமலையில் தீபத் திருவிழாவின் பத்து நாளும் மாடவீதிகளில் சுவாமிக்கு முன்னே போவது நாகஸ்வரம். வாசிக்கும் வித்வானின் பெயர் ஊருக்கே தெரியும். குழலைக் கடைந்தவர் பெயரைக் கேட்பார் இல்லை.

இத்தாலியின் கிரெமோனாவில் கதை வேறு. 1737-இல் மறைந்த அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி தாம் செய்த வயலினுக்குள் தம் பெயர்ச் சீட்டை ஒட்டினார். இன்றும் அந்த வயலின்களுக்கு அவர் பெயர்தான். அவருக்குச் சமமாக வைக்கத்தக்க ஒருவர் நம்மிடமும் இருந்தார்: ஆடுதுறைக்கு அருகே நரசிங்கம்பேட்டையைச் சேர்ந்த என்.ஜி.என். ரங்கநாதன் ஆசாரி.

பழைய நாகஸ்வரம் திமிரி. குட்டையான குழல், உச்சமான சுருதி. அதில் சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் நேராகப் பேசாது. உதட்டாலும் மூச்சாலும் வித்வான்தான் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். தோடி ராகத்துக்கு வேண்டியதோ அந்த மத்திமமே. தோடி என்றாலே நினைவுக்கு வரும் நாகஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்கு இந்தக் குறை எவ்வளவு உறுத்தியிருக்கும்! அவர் வாழ்ந்த திருவாவடுதுறை பக்கத்து ஊர்தான். அவருடைய காதும் ஆசாரியின் கையும் சேர்ந்ததில், 1955-இல் சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசும் பாரி நாகஸ்வரம் பிறந்தது. நீண்ட குழல், தாழ்ந்த சுருதி. அடுத்த ஆண்டே பிள்ளை மறைந்தார். பாரி நிலைத்துவிட்டது.

சொல்வதற்கு எளிது. குழலின் உட்புறம் மேலிருந்து கீழே விரிந்துகொண்டே போகும் கூம்பு. நீளத்தைக் கூட்டினால் உள்விட்டமும் துளைகளின் இடமும் சேர்ந்தே மாற வேண்டும். விரல் துளைகள் ஏழு. அவை போகச் சுருதி சேர்க்கும் துளைகளும் உண்டு. அவற்றை மெழுகால் அடைத்துச் சரிபார்ப்பார்கள். ஒரு துளை சற்றே விலகினாலும் ஒரு ஸ்வரம் கெடும். இத்தனையையும் கடைசல் பட்டறையில், கைக்கணக்கிலும் காதுக்கணக்கிலும் சாதித்தவரை வெறும் கைவினைஞர் என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஓர் இசைக்கருவியின் இலக்கணத்தையே திருத்தியவர் அவர்.

உளவு எனப்படும் குழலுக்கு ஆச்சா மரம். கீழே விரியும் அணசுக்குப் பெரும்பாலும் வாகை. பச்சை மரம் உதவாது. ஆண்டுக்கணக்கில் காய்ந்து இறுகிய ஆச்சாதான் வெடிக்காமல், வளையாமல் நிற்கும். அதனால் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூணையும் உத்திரத்தையும் ஆசாரிகள் தேடி வாங்கிக் கடைகிறார்கள்.

2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயர் பதிவாகிவிட்டது. பாரியைச் செய்தவர் பெயரும் ராஜரத்தினம் பிள்ளையின் பெயரோடு சேர்ந்தே மேடைகளில் ஒலிக்க வேண்டும்.