காமோஷி: மருந்தாக்கப்பட்ட ஒரு நர்ஸ்

பழைய இந்திக் காதல் படம் என்றால் நம்மில் பலர் 'ஆராதனா'வைச் சொல்வோம். அதே காலத்தில் அதே ராஜேஷ் கன்னா நடித்த கறுப்பு வெள்ளைப் படம் 'காமோஷி'. அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நான் நர்ஸ். அதனால் கதாநாயகனைவிட வார்டைத்தான் அதிகம் கவனிப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூலம், வங்க எழுத்தாளர் அசுதோஷ் முகர்ஜியின் 'நர்ஸ் மித்ரா' என்ற கதை. அசித் சென் அதை 1959இல் சுசித்ரா சென்னை வைத்து 'தீப் ஜ்வேலே ஜாய்' என்று வங்காளத்தில் எடுத்தார். மறுவருடமே நம் சாவித்திரி தெலுங்கில், 'சிவரகு மிகிலேதி'யில், அந்த நர்ஸாக நடித்தார். பிறகு அசித் சென்னே வஹீதா ரஹ்மானை வைத்து இந்தியில் எடுத்தார். வங்காளம், இந்தி இரண்டுக்கும் இசை ஹேமந்த் குமார். இந்திப் பாடல்கள் குல்சார்.

காதலில் தோற்று மனம் பேதலித்தவர்களுக்கு அன்பே மருந்து என்பது கர்னல் டாக்டரின் ஆராய்ச்சி. நர்ஸ் ராதா காதலிப்பதுபோல் நடித்து தேவைக் குணப்படுத்துகிறாள். அவன் குணமாகி வேறொருத்தியை மணக்கிறான். அடுத்து அருண் வருகிறான். ராதா முதலில் மறுக்கிறாள், பிறகு ஒப்புக்கொள்கிறாள்.

தேவாக வரும் தர்மேந்திரா பாடும் பாட்டில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அவர் முதுகைத்தான். குரல் ஹேமந்த் குமாருடையது. கமல் போஸின் கேமரா நிழலை வைத்தே ராதாவின் மனதைச் சொல்லிவிடுகிறது. ராஜேஷ் கன்னா சில இடங்களில் மிகையாக நடிக்கிறார் என்பது என் எண்ணம். ஆனால் ஹூக்ளி நதியில் படகுப் பாட்டு வந்ததும் அதையும் மன்னித்துவிடுவோம்.

வங்கத் தலைப்புக்கு விளக்கேற்றிச் செல்வது என்று பொருள். நர்ஸிங் படித்தவர்களுக்கு உடனே நைட்டிங்கேல் விளக்கும், உறுதிமொழி எடுத்த நாளும் நினைவுக்கு வரும். சிரித்த முகமும் கனிவும்கூட வேலையின் பகுதி, அதற்கும் களைப்பு உண்டு என்று சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 'எமோஷனல் லேபர்' பற்றிப் புத்தகம் எழுதியது 1983இல். கல்கத்தா ஆஸ்பத்திரிக் கதை அதை முன்னமே காட்டிவிட்டது.

அருண் குணமாகிறான். ராதா உடைந்துபோகிறாள். தான் ஒருபோதும் நடிக்கவே இல்லை என்று அவள் சொல்லும்போது கர்னலிடம் பதில் இல்லை. மேட்ரனாக நிற்கும் லலிதா பவாரைப் பாருங்கள். அவள் வேலை பார்த்த அதே வார்டில் இப்போது அவளுக்கும் ஓர் அறை.