‘உ-ம்’ என்பதற்குப் பின்னால் வரும் புள்ளிகள்

நண்பர்களின் நூல்களுக்கு அச்சுப்படி திருத்தும்போது என்னை அதிகம் மறிப்பவை நீண்ட வசனங்களல்ல. ‘படம் 3’, ‘குறிப்பு’, ‘உ-ம்’ போன்ற சிறு அடையாளச் சொற்களே. அவற்றின் பின்னால் வரவேண்டியது முற்றுப்புள்ளியா, முக்காற்புள்ளியா, வெறும் இடைவெளியா? ஒரே நூலில் மூன்றையும் கண்டிருக்கிறேன்.

ஓலைச்சுவடிக்கு இந்தச் சிக்கல் இருக்கவில்லை. மெய்யெழுத்தின் புள்ளியே அங்கு பெரும்பாலும் விடப்பட்டது. இன்றைய குறிகள் ஐரோப்பியர் வழி வந்தவை. தமிழெழுத்து 1578 இல் கொல்லத்தில் அச்சேறிவிட்டது. ஆயினும் தமிழ் வசனத்தில் குறிகளை ஒழுங்காக இட்டுக்காட்டிய பெருமையை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலருக்கே (1822–1879) பொதுவாக அளிப்பர்.

காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி. இப்பெயர்களைக் கவனியுங்கள், எல்லாமே மூச்சின் அளவுகள். உரத்து வாசித்த காலத்துக்கு அவை பொருந்தின. ‘படம் 3’ என்பதையோ யாரும் உரத்து வாசிப்பதில்லை, அது கண்ணுக்கானது. எவ்வளவு நேரம் நிறுத்துவது என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை.

பழைய உரைப் பதிப்புகளில் ‘இதன் பொருள்’ என்பதை ‘(இ-ள்)’ என முதலெழுத்தையும் ஈற்றெழுத்தையும் நிறுத்திச் சுருக்கினர். அழகான ஏற்பாடு. இடையிலே எழுத்துகள் விடப்பட்டதைக் கோடே சொல்லிவிடுகிறது. அப்படியிருக்க ‘(இ-ள்.)’ என்று புள்ளியும் வைத்தவர்கள் உண்டு, ஆங்கிலச் சுருக்கங்களைப் பார்த்த பழக்கமாக இருக்கலாம். ‘ள்’ தலையிலே ஒரு புள்ளி, காலடியிலே இன்னொன்று! எமது மார்க்க நூல்களின் (ஸல்), (றலி) என்பவற்றுக்கும் அடைப்பே போதும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தலைப்புப் பக்கங்களில் நூற்பெயருக்குப் பின்னாலும் முற்றுப்புள்ளி நின்றது. பின்னர் அது உதிர்ந்தது, எவரும் தேடவில்லை.

இது வெறும் அலங்காரப் பிரச்சினையன்று. ‘படம் 3. 1882 இல் வெளிவந்த முஸ்லிம் நேசன்’ என்று அச்சிட்டால், கண் முதலில் ஒரு தசம எண்ணையே காண்கிறது. முக்காற்புள்ளி இட்டால் தெளிவு. ஆகையால் வரலாற்று நூல்களில் நான் அதையே இடுகிறேன்.

தப்ஸீர் நூலில் அதுவும் ஆபத்து. ‘குறிப்பு 2: 255 ஆம் வசனம்’ என்பதைக் காணும் வாசகர் நேரே ஆயத்துல் குர்ஸிக்குப் போய்விடுவார், குறிப்போ வேறொரு சூறாவைப் பற்றியதாக இருக்கும். அங்கே ‘குறிப்பு 2’ என்பதைத் தடித்த எழுத்தில் தனி வரியாக நிறுத்துகிறேன், பின்னால் ஒரு குறியும் இடாமல்.