தி க்ளாஷ்

லண்டனில் 1976-இல் உருவான பங்க் ராக் இசைக்குழு. ஜோ ஸ்ட்ரம்மர், மிக் ஜோன்ஸ், பால் சிமனன் ஆகியோருடன் 1977-இல் டிரம்மர் டாப்பர் ஹெடன் சேர்ந்தார். வெறும் ஆவேசத்தோடு நின்றுவிடாமல் ஜமைக்காவின் ரெகே, ஃபங்க், ராக்கபில்லி என எல்லாவற்றையும் தன்வயப்படுத்திக்கொண்டதே இக்குழுவின் தனிப்பெருமை. 1978 ஏப்ரலில் லண்டன் விக்டோரியா பூங்காவில் இனவெறிக்கு எதிராகத் திரண்ட பெருங்கூட்டத்தின் முன் பாடினர். 1979 டிசம்பரில் வெளிவந்த 'லண்டன் காலிங்' இரட்டை இசைத்தட்டு. ரசிகர்களின் கையைக் கடிக்காதபடி ஒற்றைத் தட்டின் விலைக்கே அதை விற்கவைத்தனர். அதன் அட்டையில், நியூயார்க் மேடையொன்றில் சிமனன் குனிந்து தன் பேஸ் கிட்டாரைத் தரையில் ஓங்கி அடிக்கிறார். பென்னி ஸ்மித் எடுத்த அந்தப் படம் சற்றே மங்கல்தான். ஆனாலும் பங்க் இசையின் கோபத்தை இவ்வளவு நெருக்கமாகக் காட்டிய படம் வேறில்லை. ஹெடன் 1982-இலும் ஜோன்ஸ் 1983-இலும் நீக்கப்பட்டபின் தளர்ந்த குழு 1986-இல் கலைந்தது.