நிலையத்துப் பக்கத்தில் வீடு யாருக்கு?

ரயில் நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்பு கட்டுவது புதிய திட்டம்போலப் பேசப்படுகிறது. மலேசிய இந்தியர்களுக்கு இது பழைய கதை.

பினாங்கில் ஒரு வேடிக்கை உண்டு. ஜார்ஜ்டவுனில் 1907-இல் எழுந்த ரயில்வே கட்டடத்திற்குத் தண்டவாளமே கிடையாது! அங்கே டிக்கெட் வாங்கியவர்கள் படகேறிப் பிறைக்குப் போய்த்தான் ரயில் பிடித்தார்கள். அந்தப் பெருநிலத்தில்தான், பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் நடுவே, புக்கிட் தெங்கா கொமுட்டர் நிலையம் இருக்கிறது. வடக்கே 2015-இல் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. நிலையத்தருகே வீடு அமைந்தால் கார் தவணை மிச்சம்தான். ஆனால், அந்த வீட்டில் யார் குடியிருப்பார்கள்?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் அனுபவத்தைப் பார்க்கலாம். ரயில்வேயில் உழைத்த தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் வாழ்ந்த வட்டாரம் அது. ஊழியர்களுக்கென்றே ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசை வீடுகள் இருந்தன. கோயிலும் பள்ளியும் கடைகளும் நடக்கும் தூரத்தில். வேலை இருக்கும்வரைதான் வீடு. பட்டா குடியிருந்தவர்களிடம் இல்லை. 2001-இல் பழைய ரயில்வே நிலத்தில் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. சுற்றிலும் ஹோட்டல்களும் சொகுசு அடுக்குமாடிகளும் எழுந்தன, நிலத்தின் விலையும் ஏறியது. பின்னர் நூறு குவார்ட்டர்ஸ் இடிக்கப்பட்டது.

பினாங்கில் மலிவுவிலை வீடுகளுக்கு 42,000 ரிங்கிட், 72,500 ரிங்கிட் என உச்சவரம்புகள் வைக்கப்பட்டன. புக்கிட் தெங்காவில் கட்டினால், அந்த விலை வீடு நிலையத்திலிருந்து எத்தனை நிமிட நடையில் இருக்கும் என்பதை மக்கள் முதலிலேயே கேட்டு வைக்கட்டும்.